டிஸ்க் பத்திரமாத்தான் இருந்துச்சு, ஃபைல்தான் இல்லை: செஞ்சிக் கோட்டையடியில் ஒரு ஸ்டோரேஜ் பாடம்

செஞ்சியில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் கல்யாண போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். ஒரு திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரை ஆன் செய்திருக்கிறார். எந்த ஆல்பத்தைத் தொட்டாலும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு குறிப்பு: பணம் கட்டினால் திறந்துவிடுகிறோம்.

“தம்பி, டிஸ்க் போயிடுச்சானு கொஞ்சம் வந்து பாருப்பா” என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். மேஜைக்குக் கீழே இருந்த ஸ்டோரேஜ் பெட்டியில் நான்கு பச்சை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. நான்கு ஹார்ட் டிஸ்க்கும் நல்ல ஆரோக்கியம்.

“அண்ணே, டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலை. உள்ளே இருக்கிற ஃபைலை எல்லாம் யாரோ பூட்டிட்டாங்க.”

“அது எப்படிப்பா? ஒரு டிஸ்க் போனாலும் மத்தது காப்பாத்தும்னு சொல்லித்தானே இதை வித்தாங்க?”

அவருக்குச் சொன்னது பொய் இல்லை. ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் அந்தப் பெட்டி காப்பாற்றியிருக்கும். ஆனால் அன்று கெட்டது டிஸ்க் இல்லை, கதவு. ஆல்பம் எடிட் செய்யும் கம்ப்யூட்டரில் யாரோ திருட்டு சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் ஸ்டோரேஜ் பெட்டி ‘இசட் டிரைவ்’ என்று பாஸ்வேர்டு உட்பட எப்போதும் திறந்தே கிடந்தது. வந்த வைரஸ் அந்தக் கதவு வழியாக நேராக உள்ளே போய்விட்டது. ஆறு வருஷத்துக் கல்யாணங்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் போயின.

ஸ்டோரேஜ் வாங்கும்போது நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை டிபி?” இரண்டாவது, “எவ்வளவு விலை?” கேட்காமல் விடும் மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: “இதுக்குள்ள யார், எந்த வழியா வரலாம்? அந்த வழி உடைஞ்சா, அதே சாவி திறக்காத இன்னொரு இடத்துல பிரதி இருக்கா?” இந்தக் கேள்வி போட்டோ ஸ்டூடியோவுக்கு மட்டும் அல்ல. நீங்கள் வேலை பார்க்கும் ஆபீஸ், உங்கள் ஊர் ஆஸ்பத்திரி, உங்கள் பட்டா விவரம் இருக்கும் அரசு சர்வர் என எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

நாஸ், சான், ஆப்ஜெக்ட்: என்ன வித்தியாசம்?

நெல் சீசனில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மூட்டைகள் மலைபோலக் குவிந்திருக்கும். எது யாருடையது, எங்கே இருக்கிறது என்ற கணக்கு இல்லாவிட்டால் அத்தனையும் வீண். கம்ப்யூட்டர் ஸ்டோரேஜிலும் அதேதான். டேட்டா ஒரு பக்கம், அது எங்கே இருக்கிறது என்ற கணக்கு ஒரு பக்கம். அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் மூன்று வகைகளும் பிரிகின்றன.

முதல் வகை, ஃபைல் ஸ்டோரேஜ். கிடங்கில் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “12-ம் நம்பர் லாட் மூட்டையைக் கொடுங்க” என்று கேட்டால் நோட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். பத்துப் பேர் கேட்டாலும் யார் எதை எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியும். நெட்வொர்க்கில் இருக்கும் இந்தக் கணக்குப்பிள்ளைதான் நாஸ் பெட்டி. அவரிடம் பேசும் மொழிதான் புரோட்டோகால், அதாவது நெறிமுறை. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் எஸ்எம்பி என்ற மொழியில் பேசும். லினக்ஸ், யுனிக்ஸ் சர்வர்கள் என்எஃப்எஸ் என்ற மொழியில் பேசும். எஸ்எம்பி 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. என்எஃப்எஸ்ஸை 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. இரண்டுக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. உங்கள் ஆபீஸில் இன்றும் இவைதான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது வகை, பிளாக் ஸ்டோரேஜ். இங்கே கணக்குப்பிள்ளை கிடையாது. தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு நம்பர் எழுதிய காலி அறையை உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்ற நோட்டை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஆள் இல்லாததால் வேகம் அதிகம். பெரிய டேட்டாபேஸ்கள், ஒரே இயந்திரத்தில் பல விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வர்கள் எல்லாம் இந்த வழியை விரும்புவது அதனால்தான். இதற்கென்றே தனியாக அமைக்கும் நெட்வொர்க்தான் சான். 1990-களில் தரப்படுத்தப்பட்ட ஃபைபர் சேனலுக்கு தனி கேபிள், தனி ஸ்விட்ச் வேண்டும், செலவு அதிகம். அதே வேலையைச் சாதாரண ஈதர்நெட் கேபிளிலேயே செய்ய வழி கொடுத்தது ஐஸ்கஸி. அது 2004-ல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது.

பிளாக் ஸ்டோரேஜில் ஒரு பொறி உண்டு. ஒரே அறையை இரண்டு வியாபாரிகளிடம் கொடுத்து, இருவரும் தனித்தனி நோட்டு வைத்திருந்தால் என்ன ஆகும்? ஒருவர் மூட்டை வைத்த கட்டம் இன்னொருவர் நோட்டில் ‘காலி’ என்றிருக்கும். அவர் அங்கேயே தன் மூட்டையை இறக்குவார். ஒரே ஐஸ்கஸி டிஸ்க்கை, பொது ஏற்பாடு எதுவும் இல்லாமல் இரண்டு சர்வர்களில் இணைத்தால் டேட்டா சிதைவது இப்படித்தான். ‘ஷேர் பண்ணத்தானே நெட்வொர்க்’ என்று நினைத்து இதைச் செய்து மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். பலபேர் பகிர வேண்டுமென்றால் நாஸ். ஒரு சர்வருக்கு வேகம் வேண்டுமென்றால் சான். பொதுவாக இந்தக் கணக்கு போதும்.

மூன்றாவது வகை, ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ். இது பார்சல் ஆபீஸ் மாதிரி. பொருளைக் கட்டிக் கொடுத்தால் டோக்கன் கிடைக்கும். டோக்கனைக் காட்டினால் பொருள் திரும்ப வரும். பார்சலைப் பிரித்து ஒரு சட்டையை மட்டும் மாற்றிவைக்க முடியாது. புதுப் பார்சல்தான் போட வேண்டும். 2006-ல் அமேசான் தொடங்கிய எஸ்3 சேவை இந்த வகை. இன்று நீங்கள் பார்க்கும் பல ஆப்களின் படங்களும் வீடியோக்களும் இப்படித்தான் எங்கோ வைக்கப்பட்டிருக்கின்றன.

ரெய்டு இருந்தா பேக்கப் வேண்டாமா?

ஸ்டூடியோ அண்ணன் ஏமாந்த இடம் இதுதான். பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா போகாதபடி அடுக்கும் முறையை 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். ரெய்டு என்ற பெயர் பரவியது அதிலிருந்துதான்.

நான்கு 8 டிபி டிஸ்க்குகளை ரெய்டு 5 முறையில் போட்டால் 24 டிபி இடம் கிடைக்கும், ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும். ரெய்டு 6 என்றால் 16 டிபிதான் கிடைக்கும், ஆனால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ஏன் ஒரு டிஸ்க் அதிகமாக ஒதுக்க வேண்டும்? கெட்ட டிஸ்க்கைக் கழற்றிப் புதியது போட்டால், மற்ற மூன்றையும் முழுதாகப் படித்துத்தான் அதை நிரப்ப வேண்டும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினால்கூட 8 டிபி நிரம்ப சுமார் 15 மணி நேரம் ஆகும். நடுவில் வேலையும் நடந்தால் இன்னும் கூடும். ஒரே நாளில் வாங்கிய, ஒரே வயதுள்ள மற்ற டிஸ்க்குகளில் ஒன்று அந்த நேரத்தில் மூச்சுவிட்டால் கதை முடிந்தது.

ஆனால் ரெய்டு 6 போட்டாலும், தப்பாக அழித்த ஃபைலை அது திருப்பித் தராது. வைரஸ் பூட்டிய ஃபைலைத் திறக்காது. பெட்டியையே யாராவது தூக்கிக்கொண்டு போனால், இடி இறங்கினால், மழைத் தண்ணீர் புகுந்தால் ஒன்றும் செய்யாது. நீங்கள் அழித்ததை நான்கு டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. டிஸ்க் கெட்டாலும் கடை மூடாமல் ஓட வைப்பது ரெய்டு. கடையே போனாலும் திரும்ப எழ வைப்பது பேக்கப். இரண்டும் வேறு.

கதவு எங்கே உடைகிறது?

2017 மே 12 அன்று உலகம் முழுவதும் பரவிய வானாக்ரை வைரஸ் நினைவிருக்கலாம். பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலைக்குப் போயின. அது நுழைந்த வழி எஸ்எம்பி நெறிமுறையின் பழைய முதல் பதிப்பு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அதைப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் அடிபட்டார்கள். இன்றும் பழைய ஸ்கேனர், பழைய ஜெராக்ஸ் மெஷின் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அந்த முதல் பதிப்பைத் திறந்து வைத்திருக்கும் ஆபீஸ்கள் உண்டு. உங்கள் ஆபீஸிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் வந்தது. அது கம்ப்யூட்டர்களைத் தேடவில்லை. இணையத்தில் நேரடியாகத் தெரியும்படி வைத்திருந்த நாஸ் பெட்டிகளையே தேடிப் பிடித்துப் பூட்டியது. ‘வீட்டில் இருந்தே ஃபைலை எடுக்கலாம்’ என்று ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து வைத்த வசதியே வினையானது. “நம்ம சின்ன ஊரு, நம்மளை யாரு தேடி வரப்போறா?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். யாரும் உங்களைத் தேடி வருவதில்லை. தானியங்கி நிரல் ஒன்று இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறது. சென்னையும் செஞ்சியும் அதற்கு ஒன்றுதான்.

மற்ற நெறிமுறைகளும் இயல்பாகவே பாதுகாப்பானவை அல்ல. என்எஃப்எஸ் பெரும்பாலும் ‘இந்த ஐபி முகவரியிலிருந்து வந்தால் நம்மாள்’ என்று நம்பிவிடும். கேட்பவர் சொல்லும் பயனர் எண்ணையும் அப்படியே ஏற்கும். ஐஸ்கஸியில் பாஸ்வேர்டு கேட்கும் வசதி இருந்தும், பல இடங்களில் அதைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். இவை ஒரு அறைக்குள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் பேசிக்கொள்ள உருவான மொழிகள். ஆபீஸ் வைஃபையில் வந்தவர் போனவர் எல்லோரும் இருக்கும் அதே நெட்வொர்க்கில் இவற்றை ஓடவிடுவது தெருவில் நின்று வீட்டுச் சாவியை ஏலம் போடுவது மாதிரி.

நம் நாட்டின் பெரிய உதாரணம் டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 அன்று அங்கே சர்வர்கள் முடங்கின. ஓபி சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை சுமார் இரண்டு வாரம் கையால் எழுதினார்கள். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டிபி டேட்டா பூட்டப்பட்டது, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

1.3 டிபி என்பது பெரிய அளவே இல்லை. இன்று கடையில் வாங்கும் கையடக்க டிஸ்க்கில் அடங்கும். நாட்டின் முதல் வரிசை மருத்துவமனை முடங்கியதற்கு டிஸ்க்கில் இடம் இல்லாதது காரணம் இல்லை, கதவுகள் பிரியாததுதான் காரணம். அதே சம்பவத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. தாக்குதலில் சிக்காத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. அதிலிருந்துதான் இ-ஹாஸ்பிடல் டேட்டா முழுவதையும் மீட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள். ஒரு கதவு உடைந்தது, இன்னொரு கதவு உடையவில்லை. பிழைத்தது அதனால்தான்.

பேக்கப்பே இல்லாவிட்டால்?

தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கே லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. 709 அரசு அமைப்புகள் நின்றன. அவற்றில் பலவற்றை மெல்ல மெல்ல மீட்டுவிட்டார்கள். மீட்கவே முடியாமல் போனவற்றில் ஒன்று ஜி-டிரைவ். அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைத்த பொது ஸ்டோரேஜ் அது. மொத்தம் 858 டிபி. வெளியே எங்கும் பிரதி கிடையாது. அளவு ரொம்பப் பெரிசு, அதனால் வெளியே பேக்கப் எடுக்க முடியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

எல்லாக் கோப்பையும் அதில்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருந்த பணியாளர் மேலாண்மை அமைச்சகத்துக்குத்தான் பெரிய அடி. ஒழுங்காக விதியைக் கடைப்பிடித்தவர்கள் அதிகம் இழந்தார்கள். இணைய வேகத்திலும் தொழில்நுட்பத்திலும் உலகத்துக்கு முன்னால் நிற்கும் நாடு அது. அங்கேயே இப்படி என்றால், ‘பெரிய டேட்டா சென்டர்ல இருக்கு சார், கவலைப்படாதீங்க’ என்ற ஒற்றை வரியை நாம் இனி அப்படியே நம்பக் கூடாது.

கோட்டை என்ன சொல்கிறது?

இந்த இடத்தில் செஞ்சிக்காரர்களிடம் ஒரு கேள்வி. வருஷத்துக்கு ஒருமுறையாவது உறவினர்களை அழைத்துக்கொண்டு ராஜகிரி ஏறியிருப்பீர்கள். அங்கே என்ன பார்த்தீர்கள்?

அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில், கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய பெரிய நெற்களஞ்சியம். மலை உச்சியிலும் ஒரு களஞ்சியம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் சுற்றி ஒரே மதில் என்றாலும் ஒவ்வொரு மலையும் தனிக் கோட்டை. ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம் வரும். இருபது அடிக்கு மேல் அகலம். அதன்மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் கோட்டைக்குப் போக வழி இல்லை. இன்றைய பேக்கப் நிபுணர்கள் ‘ஏர் கேப்’ என்று சொல்கிறார்களே, அதாவது எந்தக் கேபிளும் தொடாத பிரதி, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பாலத்தில் போய் நின்று கீழே பாருங்கள்.

சிவாஜி 1677-ல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் 1689-ல் இங்கே வந்து சேர்ந்தார். மறு ஆண்டு முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் முற்றுகையிட்டார். முற்றுகை 1698 வரை நீண்டது. ஏறத்தாழ எட்டு ஆண்டு. கடைசியில் கோட்டை விழுந்தது. ஆனால் அதற்குள் ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பி மராட்டிய நாட்டுக்குப் போய், சதாராவில் இருந்து அரசை நடத்தினார். பெட்டி போனது, டேட்டா தப்பியது.

அதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி நகர வாயிலை வெடிவைத்துத் திறந்து, இரவோடு இரவாக மூன்று மலைகளையும் பிடித்தார். எட்டு ஆண்டு தாங்கிய மதில் ஒரு ராத்திரி தாங்கவில்லை. கல்லின் கனம் அதேதான், மலையின் உயரமும் அதேதான். வாயிலில் யார் நின்றார்கள், எப்படி நின்றார்கள் என்பதுதான் மாறியிருந்தது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாகச் செஞ்சியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். செல்ஃபி எடுக்கப் போகும்போது இந்தக் கதையையும் நினைத்துக்கொள்ளலாம்.

“கிளவுட்ல போட்டா போதாதா?”

இளைஞர்கள் உடனே கேட்பது இது. பாதி சரி. கிளவுட் என்பது இன்னொரு இடத்தில் இருக்கும் பிரதி, அது நல்லதுதான். ஆனால் நாம் வழக்கமாகப் பயன்படுத்துவது கிளவுட் பேக்கப் இல்லை, கிளவுட் சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே பூட்டினால் அங்கேயும் பூட்டிய ஃபைல் போய் உட்காரும். பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று உங்கள் திட்டத்தில் பாருங்கள். அந்த நாள் கணக்குதான் உங்கள் உண்மையான பாதுகாப்பு.

நேரக் கணக்கும் முக்கியம். 4 டிபி போட்டோக்களை 40 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் ஏற்றினால், லைன் ஒரு நிமிஷம்கூட அறுந்துபோகாமல் இருந்தாலே ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். அதே 4 டிபியை ஆபீஸுக்குள் 1 ஜிபிபிஎஸ் கேபிளில் இன்னொரு பெட்டிக்கு நகலெடுக்க சுமார் ஒன்பது மணி நேரம் போதும். எனவே பக்கத்தில் ஒரு பிரதி, தூரத்தில் ஒரு பிரதி என்று இரண்டும் வேண்டும். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியைப் பிரபலமாக்கியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். ஸ்டூடியோக்காரர்களுக்கு இது அவர்கள் தொழிலிலேயே பிறந்த விதி.

அப்போ என்ன செய்யலாம்?

இருபது பேருக்குக் குறைவான ஆபீஸுக்கு என் பரிந்துரை இது. பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டாம், ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

ஒன்று: நாஸ் பெட்டியின் நிர்வாகப் பக்கம் இணையத்தில் தெரியக் கூடாது. ரவுட்டரில் திறந்துவைத்த போர்ட்டுகளை மூடுங்கள். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வாருங்கள்.

இரண்டு: எஸ்எம்பி முதல் பதிப்பை அணைத்துவிடுங்கள். பழைய ஸ்கேனர் அதனால் நின்றால், ஸ்கேனரை மாற்றுவது ஆறு வருஷ டேட்டாவை இழப்பதைவிட மலிவு.

மூன்று: தினசரி வேலைக்கு ஒரு கணக்கு, நிர்வாகத்துக்கு வேறு கணக்கு. எடிட்டிங் ஆள் தன் ஃபோல்டரில் எழுதலாம், முடிந்துபோன வேலைகளின் ஃபோல்டரைப் படிக்க மட்டும் முடிய வேண்டும். இது ஒன்றைச் செய்திருந்தாலே அந்த அண்ணனின் பழைய ஆல்பங்கள் தப்பியிருக்கும்.

நான்கு: பெட்டியில் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். குறிப்பிட்ட நேரத்தில் டேட்டா இருந்த நிலையை அது தனியாகப் பிடித்து வைக்கும், சாதாரணக் கணக்கால் அதை அழிக்க முடியாது.

ஐந்து: பேக்கப் பெட்டி, மெயின் பெட்டியிடமிருந்து டேட்டாவை இழுத்துக்கொள்ள வேண்டும். மெயின் பெட்டி அதற்குள் தள்ளக் கூடாது. தள்ளினால் பேக்கப்பின் சாவி மெயின் பெட்டியில் இருக்கிறது என்று அர்த்தம். திருடன் ஒரு வீட்டில் நுழைந்து இரண்டு வீட்டுச் சாவியையும் எடுத்துக்கொள்வான்.

ஆறு: ஐஸ்கஸி, என்எஃப்எஸ் ஓடும் இடங்களில் அதற்கென்று தனி நெட்வொர்க் பிரித்துவிடுங்கள். விருந்தினர் வைஃபை அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஏழு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரை நிஜமாகவே மீட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரமானது என்று எழுதி வையுங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

டெண்டரில் கேட்க வேண்டிய கேள்வி

இதைத் தனிமனிதர்களின் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பெட்டி விற்பவர்கள் ‘ரெய்டு இருக்கு, டேட்டா போகவே போகாது’ என்று சொல்வதை நிறுத்த வேண்டும். அந்த வாக்கியம்தான் ஊர் ஊராகப் பேக்கப்பைக் கொன்றுகொண்டிருக்கிறது. பள்ளி, ஆஸ்பத்திரி, கூட்டுறவு வங்கி, பேரூராட்சி என்று பொதுப்பணத்தில் ஸ்டோரேஜ் வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் டெண்டரில் ‘எத்தனை டிபி’ என்பதற்கு அடுத்த வரியாக, ‘முழுதும் போனால் எத்தனை மணி நேரத்தில் மீட்டுக் காட்டுவீர்கள்’ என்று இருக்க வேண்டும். காட்டிய பிறகுதான் பில் பாஸாக வேண்டும்.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகள் பேக்கப்பையும் அந்தப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றாகச் சொல்கின்றன. அபராதத்துக்குப் பயந்து செய்தாலும் சரி, டேட்டா அடுத்தவருடையது என்று மதித்துச் செய்தாலும் சரி, செய்தால் போதும்.

ஸ்டூடியோ அண்ணன் பணம் கட்டவில்லை. பழைய மெமரி கார்டுகள், வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த பென் டிரைவ்கள், அச்சடித்த லேபில் மிச்சமிருந்த ஃபைல்கள் என்று அலைந்து ஏறக்குறைய பாதியை மீட்டார். மீதி இல்லை. அதில் ஒரு கல்யாணத்தில், பெண்ணின் அப்பா மாலையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று இருந்ததாம். அவர் இப்போது உயிரோடு இல்லை. வீட்டார் வந்து கேட்டபோது சொல்ல வார்த்தை இல்லை என்றார்.

இப்போது அவர் சனிக்கிழமைதோறும் கடை சாத்தும் முன்பு, இரண்டு வெளி டிஸ்க்குகளில் ஒன்றை மாற்றிச் செருகி நகலெடுக்கிறார். முடிந்ததும் கேபிளைப் பிடுங்கி, பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார். “பாலத்தை எடுத்தாச்சு தம்பி” என்பார் சிரித்துக்கொண்டே.

இந்த வாரம் உங்கள் ஆபீஸில் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல யாரும் இல்லையென்றால், அந்த வேலை இப்போது உங்களுடையது.